ஆலிவ் லாண்ட்ரியின் நஷ்டக் கணக்கு

"லாஸ்னே போடுங்க சார்" என்றாள் ரத்தினபாய்.

சக்திவேல் கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை அவருடைய ஆபீஸ். வாசல் பலகையில் 'வரி ஆலோசகர்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற எல்லாருமே ஆடிட்டர்தான், அவரும் மறுப்பதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் கொஞ்சம் ஏற்றிக் காட்டச் சொல்வார்கள், மீதிப் பேர் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொல்வார்கள். உள்ளதை உள்ளபடி, அதுவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே காட்டச் சொல்லி யாரும் படியேறி வந்ததில்லை.

"இன்னா மேடம், கோயிலுக்கு வந்து சாபம் கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"நஷ்டம்தானே சார் வந்துச்சு."

"வந்துச்சு. யாருக்கு வரல? வந்ததெல்லாமா எழுதறாங்க? போன ரெண்டு வருஷமும் லாபம் நாலே முக்கால் லட்சம், நாலு தொண்ணூறுன்னு அழகா காட்டிக்கினு வந்துருக்கோம். இப்ப திடீர்னு மைனஸ்ல போட்டா பாங்க்காரன் மூஞ்சிய எங்க வெச்சுக்குவான்?"

ரத்தினபாய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஐம்பத்தொரு வயது. கையில் பிடித்திருந்த துணிப்பையில் ஒரு வருஷத்து பில்கள் இருந்தன.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதானால் ஆலிவ் லாண்ட்ரியிலிருந்தே தொடங்க வேண்டும்.

சேலையூர்ப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் ஃபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் ரத்தினபாய். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் குறைந்தார்கள், ஃபீஸ் கட்டுவதும் செல்போனுக்குள் போய்விட்டது. நிர்வாகத்தில் ஒரு பொன்னாடையும், கொஞ்சம் பணமும், ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அண்ணன் தேவானந்தம் அந்த யோசனையைச் சொன்னார்.

"செம்பாக்கத்துல தெருவுக்கு நாலு ஃப்ளாட் வந்தாச்சு. பூரா சிறுசேரிக்கு சாஃப்ட்வேர் வேலைக்குப் போற பசங்க. அவனுங்க சமைப்பானுங்க, பாத்திரம்கூடக் கழுவுவானுங்க, துணி மட்டும் துவைக்க மாட்டானுங்க பாய். எழுதி வெச்சுக்கோ."

கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த அப்பா, தாம்பரத்திலேயே தங்கிவிட்டார். ரத்தினபாய் என்ற பெயரை 'பாய்' என்று சுருக்கிக் கூப்பிடுகிற ஆட்களில் இப்போது மிஞ்சியிருப்பது அண்ணனும் அவர் மனைவி யூனிஸும்தான். தேவானந்தம், வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் நான்கு லட்சத்தை எடுத்துக் கொடுத்தார். போதகர் வந்து ஜெபம் செய்து, ரிப்பன் வெட்டி, எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது அவர் சொன்னது இதுதான்: "லாபம் வந்தா ஆளுக்குப் பாதி. போச்சுன்னா அதுவும் ஆளுக்குப் பாதி. என்ன?" அவள் சரி என்று தலையாட்டினாள். அண்ணன் தங்கைக்குள் காகிதம் எழுதிக்கொள்வது அவர்கள் வீட்டில் கேவலம். கடை, கரண்ட் கனெக்‌ஷன், பாங்க் கணக்கு எல்லாம் ரத்தினபாய் பெயரில். அண்ணனின் பாதி வாய்வார்த்தையில்.

பசங்கள் துணி போடத்தான் செய்தார்கள். அந்த விஷயத்தில் தேவானந்தம் சொன்னது தப்பில்லை. தண்ணீரைப் பற்றித்தான் இருவருமே யோசிக்கவில்லை. கடைக் கட்டடத்துப் போர் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். ஒரு மணி நேரம் பக்கெட்டில் நின்றால் மேலே மஞ்சளாக ஏடு கட்டும். மூன்றாவது மாதம் ஒரு பையன் வெள்ளைச் சட்டையை விரித்துக் காட்டி, "ஆன்ட்டி, நான் குடுத்தது ஒயிட். நீங்க குடுக்கறது சந்தனக் கலர். சூப்பரா இருக்கு, ஆனா என்னுது இல்ல" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த வாரம் வரவில்லை. ஃபில்டர் போட்டாள், அதுவும் ஒரு மாதத்தில் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு டேங்கர் லாரிதான். லாரிக்காரர் ஹாரன் அடித்தால் கடையில் இருக்கிற இரண்டு பெண்களும் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் தொட்டி மூடியைத் திறக்க வேண்டும்.

முதல் மழைக்காலத்தில் துணி காயவில்லை. நான்கு நாள் ஈரத்தில் கிடந்து வாடை வந்தது. டிரையர் வாங்கியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பாங்க்கில் லோன் கேட்டபோது, "கடைக்கு ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருக்கீங்களா?" என்றார்கள். அப்படித்தான் அவள் சக்திவேலிடம் வந்து சேர்ந்தாள்.

சின்னக் கடைக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கிற ஒரு சலுகை உண்டு. கணக்குப் புத்தகம் எதையும் காட்ட வேண்டியதில்லை. மொத்த வரவு இவ்வளவு, அதில் என் லாபம் இவ்வளவு என்று ஒரு தொகையை நாமே ஒத்துக்கொண்டால் போதும். லாபம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வரி ஒன்றும் வராது. ஆகவே, இல்லாத லாபத்தைக் காட்டுவதற்கு ஒரு பைசா செலவில்லை. சக்திவேல் அன்று அதைச் சொன்னபோது, ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று சொல்வது போல இருந்தது.

"எவ்ளோ லோன் மேடம் வேணும்?"

"மூணு லட்சம்."

"அப்ப நாலே முக்கால் போட்டுடலாம்."

அவளும் சரி என்றாள். எல்லாரும் செய்வதுதானே. அந்த வருஷம் கையை விட்டுப் போனது ஒன்றரை லட்சம். காகிதத்தில் நாலே முக்கால் லட்சம் லாபம். லோன் வந்தது, டிரையர் வந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. லோன் இருக்கும்வரை பாங்க்குக்கு வருஷா வருஷம் காப்பி கொடுக்க வேண்டும், அதற்காக நாலு தொண்ணூறு.

அண்ணனிடம் மட்டும் அவள் உண்மையைத்தான் சொல்லிவந்தாள். இந்த மாசமும் கையைக் கடிக்குதுண்ணே என்பாள். பரவால்ல, நிக்கறதுக்கு மூணு வருஷம் ஆகும் என்பார் அவர்.

எல்லாம் கெட்டுப்போனது போன ஆனி மாதத்தில், அண்ணன் மகன் எபியால். எபிமேல் ஒரு குற்றமும் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கு லோன் போட்டிருந்தான். ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும், அவருடைய இரண்டு வருஷத்து ஐ.டி. ரிட்டர்ன் வேண்டும் என்றார்கள். யூனிஸ்தான் போன் செய்து, "பாய், நீ ஐ.டி. எல்லாம் கட்டுறியே, உன்னோடத குடேன்" என்றாள். ரத்தினபாய் இரண்டு காப்பியையும் ஒரு கவரில் போட்டு, போகிற வழியில் கேட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவள் நினைப்பிலேயே இல்லை. காய்கறிக்காரன் வந்துவிடுவானே என்று அவசரமாகத் திரும்பியதுதான் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து தேவானந்தம் போன் செய்தார். "எபி லோனுக்கு வேற ஆள் பாத்துக்கறோம் பாய்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஆராதனையில் வழக்கமான பெஞ்சில் உட்காராமல் அந்தப் பக்க வரிசைக்குப் போய்விட்டார்.

ஏன் என்று சொன்னது யூனிஸ். பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து, பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது, "லாண்ட்ரி நல்லாப் போகுதாமே பாய். வருஷத்துக்கு நாலே முக்கால் லட்சமாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருப்பேனே" என்றாள்.

அன்றே ரத்தினபாய் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "அண்ணே, அது பாங்க்குக்காகப் போட்டது" என்றாள்.

"கவர்மென்ட்டுக்குப் போட்டிருக்க பாய். கீழ உன் பேர் போட்டு, இதெல்லாம் சத்தியம்னு இருக்கு. படிச்சுப் பாத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"இருக்கலாம். அங்க சொன்னது பொய்யா, எங்கிட்டச் சொன்னது பொய்யா? எனக்கு எப்படித் தெரியும், சொல்லு."

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். உண்மையிலேயே தெரியாதவர் போலத்தான் கேட்டார். அதற்குச் சாட்சி காட்ட அவளிடம் வாய்தான் இருந்தது. மூன்று வருஷமாக அந்த வாயைத்தான் அவர் நம்பியிருந்தார்.

ஆகஸ்டில் கடையை மூடினாள். மொத்தமாகத் துணி போட்டுக்கொண்டிருந்த ஹாஸ்டல்காரர்கள் துண்டு மஞ்சளாகிறது என்று நின்றுவிட்டார்கள். ஃப்ளாட்டுகளுக்கு செல்போனில் கூப்பிட்டால் வந்து எடுத்துப்போகிற ஆட்கள் வந்துவிட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ப்ளே ஸ்கூலில் ஆபீஸ் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதி. ஒத்துக்கொண்டாள்.

அவள் கணவர் தனசிங், பெருங்குடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ரிட்டயராக இரண்டு வருஷம். இரைச்சலிலேயே முப்பது வருஷம் நின்றதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் ரிட்டர்ன் விஷயத்தில் பேசினார். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இந்த வருஷமும் லாபம்னே போட்டுடு ரத்தினம். மூணாவது ரிட்டர்னும் நல்லா இருந்தா இருக்கிற லோனுக்கு மேல டாப்-அப் ஆறு லட்சம் தர்றேன்னு பாங்க் மேனேஜர் சொன்னார்ல. வாங்கி, உங்க அண்ணனுக்கு நாலு லட்சத்தை அப்படியே தூக்கிக் குடுத்துடுவோம். வாயை மூடிக்குவாங்க."

"கடையே இல்லைங்க. இல்லாத கடைக்கு லோனா?"

"கடை மூடினது பாங்க்குக்குத் தெரியுமா?"

"இ.எம்.ஐ. யார் கட்டுறது?"

"நான் கட்டுறேன். ரெண்டு வருஷம் இருக்குல்ல."

ரத்தினபாய் தட்டுகளை அடுக்கினாள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே சொல்வது கஷ்டமாக இருந்தது.

"நாலு லட்சத்தை முழுசாக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? லாபம் வந்துதான் இருக்குன்னு ஆயிடும். நஷ்டப்பட்டவ எப்படி முழுசாத் தருவான்னு யூனிஸ் மைனி கேப்பாங்க. மீதி எங்கன்னு கேப்பாங்க."

தனசிங் யோசித்தார். "அது வேற இருக்கா?" என்றார். பிறகு, "உங்க மைனி கேக்கத்தான் கேக்கும்" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

"நஷ்டம்னு எழுதப்போறேன்."

"எழுதினா?"

"தெரியல. ஒரு வருஷமாவது உள்ளத எழுதினதா இருக்கட்டும்."

"வர இருக்கிற லோனும் போகும்."

"போகட்டும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி. நீதான் மூணு வருஷம் அங்க நின்ன" என்றார்.

இப்படித்தான் ரத்தினபாய் அந்த மாடிப்படியை ஏறியது.

சக்திவேல் அவள் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி மேடம், சொல்லிடறேன். லாஸ் காட்டணும்னா அந்தச் சின்ன ஃபார்ம் செல்லாது. பெரிய ஃபார்ம். லாப நஷ்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் எல்லாம் போடணும். ஒவ்வொரு செலவுக்கும் பில் வேணும். என் ஃபீஸே எட்டாயிரம் ஆவும். போன தபா ரெண்டாயிரம்தான் வாங்கினேன்."

லாபம் காட்ட இரண்டாயிரம், நஷ்டம் காட்ட எட்டாயிரம். ரத்தினபாய்க்குச் சிரிப்புதான் வந்தது.

"தேதிக்குள்ள போட்டாத்தான் இந்த நஷ்டத்த எட்டு வருஷத்துக்குத் தூக்கிக்கினு போலாம். செப்டம்பர் பதினஞ்சு. அந்த எட்டு வருஷத்துக்குள்ள பிசினஸ்ல லாபம் வந்தா அதுல கழிச்சுக்கலாம். திரும்ப பிசினஸ் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்."

"இப்ப வேலைக்குப் போறீங்கல்ல? அந்தச் சம்பளத்துல கழிக்க முடியாது. பிசினஸ் நஷ்டம் சம்பளத்துக்கு ஆவாது."

"சரி."

"அப்ப உங்களுக்கு இதால ஒரு பைசா லாபம் இல்ல மேடம். எட்டு வருஷம் சும்மா பேர்ல நிக்கும்."

"நிக்கட்டும் சார். பழைய ரெண்டு வருஷத்தையும் மாத்த முடியுமா?"

"முடியாது. டைம் போச்சு. அப்டேட் பண்றதுக்கு ஒரு வழி கீது, ஆனா அதுல வருமானத்த ஏத்தித்தான் காட்டலாம், எறக்க முடியாது. கவர்மென்ட்டு, பொய் சொன்னேன், இன்னும் அதிகம் சம்பாதிச்சேன்னா ஒத்துக்கும். பொய் சொன்னேன், சம்பாதிக்கவே இல்லன்னா ஒத்துக்காது." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேஜார்தான்" என்றார். பிறகு பைக்காகக் கையை நீட்டினார்.

பில்களைப் பிரிப்பதற்கு மூன்று சனிக்கிழமை ஆயிற்று. வாடகை, கரண்ட், சம்பளம், சோப்புத் தூள், லோன் வட்டி என்று தனித்தனியாக அவர் கேட்டார்; பள்ளிக்கூட ஃபீஸ் கவுண்டரில் இருந்தவளுக்கு அது கஷ்டமில்லை. கஷ்டம் வேறு. ஒவ்வொரு சீட்டும் ஒரு நாளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. மிஷின் பெல்ட் அறுந்த நாள். வேலைக்கு வந்த பெண்ணுக்கு ஸ்டீமில் கை வெந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள். டேங்கர் ரசீதுகள் மட்டும் ஒரு கட்டு. எல்லாம் லாரிக்காரர் மட்டமான மையில் கிறுக்கிக் கொடுத்தவை, பாதி ஈரத்தில் ஊறிக் காய்ந்தவை. சக்திவேல் அவற்றை ஃபேன் காற்றில் பறக்காமல் செல்போனை வைத்து அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டினார். அந்த வருஷத்து நஷ்டம் இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரம் என்று வந்தது. அவள் மனதில் வைத்திருந்ததைவிட அதிகம். மிஷின் தேய்மானத்தை அவள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

செல்போனுக்கு ஓ.டி.பி. வந்தது, சொன்னாள். ரிட்டர்ன் போய்விட்டது. லாப நஷ்டக் கணக்கோடு பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே கேம்ப் ரோடு பஸ்ஸைப் பிடித்தாள்.

தேவானந்தம் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வா என்றார். யூனிஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வா பாய்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ரத்தினபாய் காகிதத்தை டீப்பாய்மேல் வைத்தாள். "இந்த வருஷம் உள்ளபடியே போட்டிருக்கேன்ணே."

அவர் எடுக்கவில்லை. தைலக் கையைத் துடைத்தார். "இதுவும் காகிதம்தானே பாய். போன வருஷமும் காகிதம்தான் பாத்தேன். அதுலயும் உன் பேர்தான், உன் சத்தியம்தான்."

அவளுக்குப் பஸ்ஸில் வரும்போதே இது தோன்றியிருந்தது. ஒரு தடவை பொய் சொன்ன இடத்தில் உண்மையை எழுதினால் அதுவும் பொய் மாதிரியேதான் இருக்கும். எட்டாயிரம் ரூபாயும் மூன்று சனிக்கிழமையும் வீண் என்று நினைத்தாள். கால் வலித்தது. கேட்காமலே சோபாவில் உட்கார்ந்தாள்.

"சரிண்ணே. நம்ப வேண்டாம். படிச்சாவது பாரு. நானும் உன்கிட்ட இப்படி ஒவ்வொண்ணா சொன்னதில்ல. மொத்தமா கையைக் கடிக்குதுன்னுதான் சொல்லிட்டு இருந்தேன்."

தேவானந்தம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். வாடகையைத் தாண்டினார். கரண்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அடுத்த வரியில் விரல் நின்றது.

"தண்ணிக்கு ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரமா?"

"ஆமா."

"லோடு எவ்வளவு?"

"ஒன்பதாயிரம் லிட்டர். ஆயிரத்து எழுநூறு."

உள்ளேயிருந்து யூனிஸின் குரல் வந்தது. "ஆயிரத்து எழுநூறா? நமக்கு அந்தப் படுபாவி ஆயிரத்து எண்ணூறுக்குக் கொறஞ்சு தரமாட்டேங்கறான். பாயிக்கு எப்படித் தர்றான்?"

"நான் மாசத்துக்கு எட்டு லோடு எடுத்தேன் மைனி. அதனால."

தேவானந்தம் தலையை உயர்த்தினார். இந்த வீட்டில் கோடையில் மாதத்துக்கு ஒரு லோடு வரும். அந்த ஒரு லோடுக்கே லாரிக்காரருக்கு நான்கு தடவை போன் செய்து, கெஞ்சி, கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்து அவருக்கு அலுத்துப்போகும்.

"எட்டு லோடு" என்றார். "எட்டு லோடும் நீயா நின்னு எறக்கின?"

"வேற யாரு?"

"போர் தண்ணி ஆகவே ஆகலியா?"

"தரை கழுவத்தான் ஆச்சு."

"இத நீ சொல்லவே இல்லையே."

"தண்ணி வாங்குறேன்னு சொன்னேன்."

"தண்ணி வாங்குறேன்னுதான் சொன்ன. எட்டு லோடுன்னு சொல்லல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டு கடைசி வரிவரைக்கும் படித்தார். படித்து முடித்தபோது, கோபம் இருந்த இடத்தில் அசதி வந்து உட்கார்ந்திருந்தது. "துணி போடறவனுங்கள எண்ணினேன், தண்ணிய எண்ணல. நான்தான் உன்ன இதுல எறக்கினேன்" என்றார்.

"நானும்தானே எறங்கினேன்."

யூனிஸ் டீயோடு வந்தாள். மூன்று டம்ளர். காகிதத்தை நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்தாள். தண்ணீர்க் கணக்கு அவளையும் கொஞ்சம் அசைத்திருந்தது; ஆனால் அதை ஒத்துக்கொள்ளுகிற ஆள் இல்லை.

"அது சரி பாய். அந்தப் பழைய ரெண்டு வருஷத்துப் பேப்பர் லாபம்தானே? எபிக்கு இன்னும் ஆள் கிடைக்கல. அத வெச்சு ஒரு கையெழுத்துப் போடேன்."

ரத்தினபாய் அவளைப் பார்த்தாள். யூனிஸ் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"புதுசையும் கேப்பாங்க மைனி. இது இருக்கிறவரைக்கும் என் கையெழுத்து எதுக்கும் ஆகாது."

"இத இப்ப போய்ப் போட்டியே. ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"யூனிஸ்" என்றார் தேவானந்தம்.

"நான் என்ன தப்பாக் கேட்டேன்?"

"ஒண்ணும் கேக்கல. போய் பிஸ்கட் எடுத்துட்டு வா."

அவள் போனாள். டீயில் சர்க்கரை அதிகம். ரத்தினபாய் குடித்தாள்.

"என் பாதி நஷ்டத்த நான் எங்க காட்டணும்?" என்று கேட்டார் தேவானந்தம். "எனக்கும் வீட்டு வாடகை வருதுல்ல. நானும் ஐ.டி. போடுறேன்."

"உனக்குக் காட்ட வழியில்லண்ணே. கடை என் பேர்ல. முழுசும் எனக்குத்தான். எட்டு வருஷத்துக்கு."

"அப்ப நான் குடுத்தது?"

"எங்கயும் இல்ல. நாம எழுதிக்கவே இல்லையே."

நான்கு லட்சம் கொடுத்ததற்கும் அடையாளம் இல்லை, போனதற்கும் இல்லை. முதல் இரண்டு வருஷத்துக்கு உலகத்தில் இருக்கிற ஒரே எழுத்து அவர் தங்கை லாபம் பார்த்தாள் என்பதுதான்.

"அந்த ரெண்டு வருஷம்?"

"மாத்த முடியாதாம்."

"கிடக்கட்டும்." டம்ளரைக் கீழே வைத்தார். "மிஷின் எல்லாம் என்ன பண்ணின?"

"கடையிலதான் பூட்டிக் கிடக்கு. மாச வாடகை ஓடுது. ஒருத்தர் வந்து ரெண்டு வாஷிங் மிஷின், டிரையர் மூணையும் சேத்து ஒரு லட்சத்து நாப்பதுக்குக் கேட்டார். லோன் பாக்கி ஒண்ணு பத்து. குடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஒண்ணு நாப்பதா? டிரையர் மட்டும் அந்த விலை பெறும். யார் அவன்?"

"பல்லாவரத்துக்காரர். செகண்ட்ஹேண்ட் வாங்கி விக்கிறவர்."

"சரின்னுட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. உனக்குப் பேரம் பேசத் தெரியாது. அந்த லாரிக்காரன்கிட்ட மாசத்துக்கு எட்டு லோடு எடுத்தும் ஆயிரத்து எழுநூறு குடுத்திருக்க. சனிக்கிழமை அவன வரச்சொல்லு, நான் வர்றேன்."

"இந்த மூட்டோட எங்க வர்றீங்க?" என்று உள்ளிருந்து யூனிஸ் கேட்டாள்.

"ஆட்டோல வர்றேன். பாதி மிஷின் எனக்கும்தானே."

ரத்தினபாய் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மிஞ்சுகிற முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ அண்ணனுக்கே போகட்டும் என்று சொல்ல நினைத்தாள். இப்போது சொன்னால் அதிலிருந்து இன்னொரு பேச்சு கிளம்பும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

யூனிஸ் பிஸ்கட் தட்டோடு வந்து, "சாப்பிட்டுட்டுப் போயேன், தோசை மாவு இருக்கு" என்றாள். வழக்கமாகச் சொல்கிற குரல்தான். அதில் பழைய சூடு இன்னும் வரவில்லை.

"இல்ல மைனி. அவருக்கு நைட் ஷிப்ட். நான் போய்ச் சாப்பாடு கட்டிக் குடுக்கணும்."

"சனிக்கிழமை எத்தன மணிக்கு?" என்று தேவானந்தம் கேட்டார்.

"பத்து மணி. கடைச் சாவி எங்கிட்ட இருக்கு. நீ அவசரப்பட்டு முன்னாடியே வந்து வெளியில நிக்காதண்ணே" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.